உங்களுக்குத் தெரியுமா? மந்திரம் எடுத்துக் கொடுத்த தாலி

ராஜா ராணிக் கதைகளில் மந்திரத்துக்கு என்ன வேலை? புதையல் எடுப்பதும் கோட்டை கட்டுவதும் பேருக்குத்தான். கூர்ந்து பார்த்தால் அதன் முழுநேர உத்தியோகம் கல்யாணத் தரகு. ஏழை வீட்டுப் பையனுக்கு இளவரசியைச் சேர்த்து வைக்கும். பிடிக்காத மாப்பிள்ளையை மணமேடையிலிருந்து ஓட ஓட விரட்டும். இந்த இதழில் அப்படிச் சில கதைகளும், அவற்றைத் திரைக்குக் கொண்டுவந்தவர்களின் கைவேலையும்.

1. பாண்டவர் வராத பாரதம்

விஜயா புரொடக்‌ஷன்ஸ் 1957-ல் வெளியிட்ட 'மாயா பஜார்' மகாபாரதக் கிளைக்கதை. ஆனால் தர்மர் முதல் சகாதேவன் வரை ஐவரில் ஒருவர்கூடத் திரையில் தலைகாட்டுவதில்லை. சூதில் நாடு போனது காதில் விழும் செய்தியாக மட்டும் வருகிறது. இயக்குநர் கே.வி. ரெட்டிக்கு வேண்டியது போர் அல்ல, சம்பந்தி வீட்டுச் சண்டை. சின்ன வயதிலேயே பேசி முடித்த சம்பந்தம், மாப்பிள்ளை வீட்டார் சொத்தை இழந்ததும் முறிகிறது. வாக்கை முறிப்பவள் பெண்ணின் அம்மா ரேவதி. எந்த ஊரிலும் நடக்கக்கூடிய கதைதான். மாப்பிள்ளைக்குக் கடோத்கஜன் என்றொரு அண்ணன் இருந்தது மட்டும்தான் வித்தியாசம்.

2. வியாசர் எழுதாத காதலி

வியாச பாரதத்தில் அபிமன்யு மணப்பது விராட நாட்டு உத்தரையை. பலராமரின் மகள் வத்சலாவோடு காதல், கடோத்கஜன் புகுந்து கல்யாணத்தைக் கலைத்தது எல்லாம் நாட்டார் கதைகளும் நாடக மேடைகளும் வளர்த்தவை. தமிழில் வத்சலா, தெலுங்கில் சசிரேகா, மராத்தியில் சுரேகா என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். மராத்தியத் திரை முன்னோடி பாபுராவ் பெயிண்டர் 1925-லேயே இதைப் பேசாப் படமாக எடுத்துவிட்டார். 1935-ல் தமிழிலும் ஒரு 'மாயா பஜார்' வந்தது. 1957-ல் வந்தது பழகிய கதை. ஜனங்கள் கதை தெரிந்துதான் கொட்டகைக்குப் போனார்கள். எப்படி நடக்கிறது என்று பார்க்கப் போனார்கள்.

3. மனசைக் காட்டும் பெட்டி

அந்தப் படத்தில் கண்ணன் வத்சலாவுக்குக் கொடுக்கும் பரிசு பிரியதர்சினி என்ற பேழை. மூடியைத் திறந்தால், திறந்தவர் மனசுக்கு மிகவும் பிடித்தவர் உள்ளே தெரிவார். வத்சலா திறந்தால் அபிமன்யு. பலராமர் திறந்தால் துரியோதனன். கண்ணன் திறந்தால்? ருக்மிணியோ சத்தியபாமாவோ இல்லை. பகடைக்காயை உருட்டியபடி சகுனி! பகைவனை ஒரு நொடியும் மறக்காதவன் அவனையே சதா நினைத்துக்கொண்டிருக்கிறான் என்பதை ஒரு வரி வசனமும் இல்லாமல் சொல்லிவிட்டார்கள்.

4. ஏறினால் உளறும் பீடம்

வத்சலாவைத் துரியோதனன் மகனுக்குக் கட்டிவைக்க ஏற்பாடான கல்யாண வீட்டில் கடோத்கஜன் பரிவாரம் போட்டு வைக்கும் இன்னொரு கண்ணி, சத்திய பீடம். அதன்மேல் நிற்பவர் வாயில் பொய் வராது. ஊரையே ஏமாற்றும் சகுனி அதில் ஏறி நின்று, யாதவர் படைபலத்தை வளைத்துப்போடவே இந்தச் சம்பந்தம் என்று தானே போட்டு உடைத்துவிடுகிறார். பெண் பார்க்கும் வீட்டில் இப்படி ஒரு பலகை கிடந்தால் எத்தனை சம்பந்தம் நின்றுபோகும் என்று எண்ணிப் பாருங்கள்.

5. சாவித்திரிக்குள் ஓர் அரக்கன்

நிஜ வத்சலாவைக் கட்டிலோடு தூக்கிப் போய்க் காதலனிடம் சேர்த்துவிட்டு, கடோத்கஜன் வத்சலா உருவில் மணப்பெண்ணாக உட்காருகிறான். அதாவது சாவித்திரி, வத்சலாவாகவும் நடிக்க வேண்டும். வத்சலா வேடத்தில் இருக்கும் எஸ்.வி. ரங்காராவாகவும் நடிக்க வேண்டும். யாராவது வந்தால் நாணம், ஆள் போனதும் மீசை முறுக்கும் தோரணை. பட்டுப்புடவைக்குள் அரக்கன் நடையை அவர் கொண்டுவந்த விதம் இன்றும் நடிப்புப் பாடம். கையைப் பிடிக்க வரும் மாப்பிள்ளையின் காலை மிதித்தே கலங்கடிக்கும் இடத்தில் கொட்டகை அதிராமல் இருந்ததில்லை.

6. ஒரே மேடை, இரண்டு மாப்பிள்ளை

'மாயா பஜார்' தெலுங்கிலும் தமிழிலும் தனித்தனியாக எடுக்கப்பட்டது. கண்ணன் என்.டி. ராமாராவ், கடோத்கஜன் ரங்காராவ், வத்சலா சாவித்திரி – இவர்கள் இரண்டுக்கும் பொது. காதலன் மட்டும் மாறினார்: தெலுங்கில் அக்கினேனி நாகேஸ்வரராவ், தமிழில் ஜெமினி கணேசன். ஏமாறும் மாப்பிள்ளை லட்சுமணகுமாரன், அங்கே ரேலங்கி, இங்கே தங்கவேலு. சாவித்திரிக்குத் தமிழ்ப் பதிப்பில் காதலனைத் தேடி வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. ஜெமினி நிஜத்திலும் அவர் கணவர்.

7. அண்ணனைவிடச் சின்னப் பெரியவர்

படத்தில் கண்ணன் பெரியவர். கடோத்கஜன் அவர் காலைத் தொட்டு வணங்கும் பிள்ளை. நிஜத்தில் ரங்காராவ் 1918-ல் பிறந்தவர், ராமாராவ் 1923-ல். ஐந்து வயது மூத்தவர்தான் அத்தனை குழந்தைத்தனத்தோடு தம்பியின் காதலுக்காகக் குதிக்கிறார். ரங்காராவ் கல்யாண விருந்தை ஒற்றை ஆளாக முடிக்கும் அந்தப் புகழ்பெற்ற பாட்டைத் தமிழில் பாடியவர் திருச்சி லோகநாதன், எழுதியவர் தஞ்சை ராமையாதாஸ். அந்தச் சிரிப்பையும் லட்டையும் மறந்த தமிழ்க் கல்யாண வீடு இல்லை.

8. ஐம்பதடியில் துவாரகை

படத்தில் கேமரா மேலிருந்து பார்க்கும் துவாரகை மாநகரம் 50 அடிக்கு 60 அடி இடத்துக்குள் அடங்கியது. கலை இயக்குநர்கள் கோகலேயும் கலாதரும் அதில் சுமார் 300 குட்டி வீடுகளை நிறுத்தினார்கள். கிருஷ்ண பரமாத்மாவின் ராஜதானிக்கு ஒரு நடுத்தரக் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம் அளவுகூடத் தேவைப்படவில்லை.

9. கையால் செய்த நிலா

காதலர் படகில் போகும் நிலாக்காட்சி இன்றும் பேசப்படுகிறது. அன்றைய கறுப்பு வெள்ளைப் படச்சுருளுக்கு நிஜ நிலா வெளிச்சம் கொஞ்சமும் போதாது. இரவில் எடுத்தால் இருட்டுத்தான் பதியும். ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லி, விளக்கையும் வடிகட்டியையும் எக்ஸ்போஷரையும் வைத்தே பௌர்ணமியை வரவழைத்தார். பின்னாளில் 'செம்மீன்' படத்தின் கடலைக் காட்டியவரும் இவரே. காதலர்களுக்காக நிலவைப் பிடித்துத் தருகிறேன் என்று யார் யாரோ சொல்வார்கள். செய்து காட்டிய ஆள் இவர்.

10. பாதியில் மாறிய இசை

'மாயா பஜார்' பாட்டுகளுக்கு மெட்டுப் போடத் தொடங்கியவர் எஸ். ராஜேஸ்வரராவ். நான்கு பாட்டுகள் ஆனதும் அவர் விலகிக்கொள்ள, மிச்ச வேலையை எடுத்துச் செய்தவர் கண்டசாலா. கேட்பவர் காதுக்கு இரண்டு கை பட்டது தெரிவதேயில்லை. இதையும் அந்தப் படத்தின் மாயங்களில் ஒன்றாகச் சேர்க்கலாம்.

11. தாடியை எடுத்த மந்திரவாதி

அதே கம்பெனி, அதே இயக்குநர், 1951-ல் வந்த 'பாதாள பைரவி'. உஜ்ஜயினி இளவரசி இந்துமதிமேல் ஆசை வைக்கிறான் தோட்டக்காரன் மகன் ராமன். அவனைப் பைரவிக்குப் பலிகொடுத்து, கேட்டதெல்லாம் தரும் பதுமையை அடையப் பார்க்கிறான் நேபாள மந்திரவாதி. கடைசியில் பலியாவது மந்திரவாதி. பதுமை கிடைப்பது ராமனுக்கு. உயிர் திரும்பி வந்த மந்திரவாதி இளவரசியைத் தூக்கிப் போய்விடுகிறான். ஆனால் அவன் சக்தி முழுவதும் தாடியில். முகம் மழித்தால் இளவரசிக்குப் பிடிக்கும் என்று யாரோ காதில் ஓத, அழகனாகும் ஆசையில் தாடியை எடுக்கிறான். சக்தியும் போயிற்று, இளவரசியும் போயிற்று.

12. முதல் திருவிழாவில் ஒரே ஆள்

1952 ஜனவரியில் பம்பாயில் இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா நடந்தது. உலகமே தன் கனமான படங்களோடு வந்த அந்த விழாவில் தென்னிந்தியாவிலிருந்து திரையிடப்பட்ட படம் 'பாதாள பைரவி'. தோட்டக்காரன் மகனின் காதலும் தாடிக்கார மந்திரவாதியும் தெற்கின் பிரதிநிதிகளாகப் போய் வந்தார்கள்.

13. மாயா பஜாருக்கும் அம்புலிமாமாவுக்கும் ஒரே வீடு

நாகிரெட்டியும் சக்ரபாணியும் விஜயா படங்களின் தயாரிப்பாளர்கள். நம் சிறுவயது 'அம்புலிமாமா'வும் இவர்களுடையதே. 1947-ல் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கியது. தோளில் பிணம், கையில் வாள், சுற்றிலும் மயானம் என்று விக்கிரமாதித்தனை நம் நினைவில் பதித்த ஓவியர் சங்கர், தாராபுரம் பக்கத்துக் காரத்தொழுவுக்காரர். 1952-ல் அம்புலிமாமாவில் சேர்ந்தவர், 2020-ல் மறைந்தார். வடபழனியில் ஒருபக்கம் திரையில் மாயம், மறுபக்கம் தாளில் மாயம், முதலாளிகள் அதே இருவர்.

14. மூன்று காதலர், ஒரு சாம்பல்

அந்த விக்கிரமாதித்தனிடம் வேதாளம் கேட்ட கேள்விகளில் பல காதல் வழக்குகள். ஒரு பெண்ணை மூவர் விரும்புகிறார்கள், அவள் இறந்துவிடுகிறாள். ஒருவன் சிதைச் சாம்பலின் மேலேயே படுத்துக் கிடக்கிறான். இன்னொருவன் எலும்பைக் கங்கைக்குக் கொண்டுபோகிறான். மூன்றாமவன் ஊர் ஊராய் அலைந்து, உயிர் கொடுக்கும் மந்திரத்தோடு திரும்பி அவளை எழுப்புகிறான். பெண் யாருக்கு? அரசனின் தீர்ப்பு: உயிர் கொடுத்தவன் தகப்பன் முறை. எலும்பைக் கரைத்தவன் பிள்ளை முறை. எங்கும் போகாமல் கூடவே கிடந்தவன்தான் கணவன். மந்திரம் கற்றவன் கையில் மந்திரம் மட்டும் மிஞ்சியது.

15. தலை மாறிய கணவன்

இன்னொரு வழக்கில், அவசரத்தில் ஒரு பெண் இரண்டு வெட்டுண்ட உடல்களில் தலைகளை மாற்றி ஒட்டிவிடுகிறாள். கணவன் தலை ஓர் உடலில், கணவன் உடல் வேறு தலையோடு. தலை இருக்கும் பக்கமே கணவன் என்று முடிக்கிறான் அரசன். பதினோராம் நூற்றாண்டில் காஷ்மீரத்து அரசி சூரியவதிக்காக சோமதேவர் வடமொழியில் தொகுத்த 'கதாசரித்சாகர'த்தில் இந்தக் கதை இருக்கிறது. 1940-ல் ஜெர்மானிய எழுத்தாளர் தாமஸ் மன் இதை நாவலாக்கினார். அதை அடியொற்றிக் கிரீஷ் கர்னாட் 'ஹயவதனா' நாடகத்தை எழுதினார். அரசன் சொன்ன தீர்ப்பு மட்டும் இருவருக்கும் போதவில்லை. மனசு தலையில் இருக்கிறதா, உடம்பிலா என்று வழக்கை மறுபடி திறந்துவிட்டார்கள்.

16. பவளத்தேர் கேட்ட பிள்ளை

புகழேந்திப் புலவர் பேரில் வழங்கும் பெரிய எழுத்துக் கதைகளில் அருச்சுனனுக்குத் தமிழ்நாட்டில் அல்லி, பவளக்கொடி என்று தனி அத்தியாயங்களே உண்டு. அல்லி பெற்ற பிள்ளை புலந்திரன் பவளத்தேர் வேண்டுமென்று அடம்பிடிக்கிறான். பவளம் தேடிப் போன தகப்பன், பவளக்கொடி என்ற பெண்ணைக் கண்டு மயங்கி நிற்கிறான். விளையாட்டுச் சாமான் வாங்கப் போய் இன்னொரு குடும்பத்தோடு வந்த கதை! மேடையில் பிரபலமான இந்த நாடகம் 1934-ல் படமானது. கதாநாயகனாக எம்.கே. தியாகராஜ பாகவதருக்கும் இயக்குநராக கே. சுப்ரமணியத்துக்கும் அதுவே முதல் படம். பவளக்கொடியாக நடித்த எஸ்.டி. சுப்புலட்சுமியை சுப்ரமணியம் பிறகு மணந்துகொண்டார்.

17. ஐந்து சின்னப்பா

உன் ஆசை என்ன என்று கேட்ட அரசனிடம், இந்திரன் மகள், அக்கினி மகள், வருணன் மகள், நாகராசன் மகள் நால்வரும் தனக்குப் பணிவிடை செய்ய வேண்டும் என்று உள்ளதைச் சொல்லிவிட்டான் மகன். தலையை வாங்கச் சொன்னார் அப்பா. தப்பி ஓடியவன் நால்வரையும் அடைவதே 1944-ல் வந்த 'ஜகதலப்ரதாபன்'. அதில் ஒரு கச்சேரிக் காட்சி: பாடுபவரும் பி.யு. சின்னப்பா, பக்கவாத்தியக்காரர்களும் பி.யு. சின்னப்பா, ஒரே சட்டத்துக்குள் ஐவர். கணினி இல்லாத காலத்தில் இதற்கு ஒரு வழி உண்டு: லென்ஸின் பகுதியை மறைத்து எடுத்து, படச்சுருளைப் பின்னோக்கிச் சுற்றி, மறைத்த பகுதியில் மறுபடி எடுப்பது. ஒரு தடவை தாளம் பிசகினால் எல்லாம் முதலிலிருந்து.

18. பூவோடு போன மனசு

எம்.ஜி.ஆர். நடித்த 'குலேபகாவலி' (1955) படத்தின் மூலம் இஸ்ஸத்துல்லா வங்காளி 1722-ல் பாரசீகத்தில் எழுதிய கதை. பார்வையிழந்த அரசனுக்கு மருந்து, தேவகன்னி பகாவலியின் பூ. வழியில் ஒரு தாசி சொக்கட்டானில் வருவோரையெல்லாம் தோற்கடிக்கிறாள். ரகசியம், தலையில் விளக்கேந்தும் பூனையும், நிழலில் வந்து காயைப் புரட்டும் எலியும். இளவரசன் தன் சட்டைக்குள் கீரியை வைத்துக்கொண்டு ஆட்டத்துக்கு உட்காருகிறான்! பூவைப் பறித்தவன், தூங்கும் பகாவலியின் மோதிரத்தையும் மாற்றிப் போட்டுவிட்டு வந்துவிடுகிறான். விழித்தவள் ஆண் வேடத்தில் திருடனைத் தேடிக் கிளம்புகிறாள், தண்டிக்க அல்ல. குல்பகாவலி என்ற பேரில் நிஜப் பூவும் உண்டு. நர்மதை பிறக்கும் அமர்கண்டக்கில் அதன் சாறு இன்றும் கண்ணுக்கு மருந்தென்று விற்கப்படுகிறது.

19. மார்ஜியானாவுக்குக் கிடைத்த பதவி உயர்வு

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். எம்.ஜி.ஆர். அலிபாபா, பானுமதி மார்ஜியானா, இருவரும் காதலர். மூலக்கதையில் அலிபாபா கல்யாணமானவர். திருடர்களை ஒழித்த அடிமைப்பெண் மார்ஜியானாவை அவர் தம் குடும்பத்து இளையவனுக்கு மணமுடித்து வைப்பார். இன்னொரு செய்தி: இந்தக் கதை பழைய அரபுச் சுவடிகளில் இல்லை. அலெப்போ ஊர்க்காரர் ஹன்னா தியாப் 1709-ல் பாரிசில் சொல்ல, பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளர் அந்துவான் கலான் குறித்துக்கொண்டு தம் 'ஆயிரத்தொரு இரவுக'ளில் சேர்த்தார். அலாவுதீனும் அதே வாயிலிருந்து வந்தவன்.

20. மறைத்த பெண்ணையே மணந்தவர்

கேமராவை நிறுத்தி, ஆளை விலக்கி, மறுபடி ஓட்டினால் ஆள் மாயம். இந்த வித்தையைப் பிரபலப்படுத்தியவர் பிரான்சின் மேடை மந்திரவாதி ஜார்ஜ் மெலியே. 1896-ல் எடுத்த படத்தில் நாற்காலியில் உட்கார்ந்த பெண்ணைப் போர்வை போட்டு மறைய வைத்தார். அந்தப் பெண் நடிகை ஷான் தல்சி. காலம் ஓடியது, மெலியே நொடித்துப் போனார். 1925-ல் அதே தல்சியை மணந்துகொண்டு, பாரிஸ் மோம்பர்நாஸ் ரயில் நிலையத்தில் அவருடைய பொம்மைக் கடையில் உட்கார்ந்தார். மறைய வைத்தவளை மீட்டுக் கொண்டுவர 29 ஆண்டு பிடித்திருக்கிறது.

21. உதவி செய்தே கெடுத்த பூதம்

ஜெய்சங்கர், கே.ஆர். விஜயா, ஜீபூம்பாவாக ஜாவர் சீதாராமன் நடித்த 'பட்டணத்தில் பூதம்' 1967-ல் வந்தது. அதற்கு முன்மாதிரி ஒரு ஹாலிவுட் படம். அதற்கும் மூலம் ஆங்கில எழுத்தாளர் எஃப். ஆன்ஸ்டி 1900-ல் எழுதிய நகைச்சுவை நாவல். அதில் பித்தளைக் குடுவையிலிருந்து விடுதலையான பூதம், நன்றிக்கடனாகக் கதாநாயகனின் காதலுக்கு உதவக் கிளம்புகிறது. கேட்காத உதவியாகச் செய்து செய்து, கடைசியில் வருங்கால மாமனாரையே கோவேறு கழுதையாக்கிவிடுகிறது. மாமனாரைச் சரிக்கட்டச் சொன்னால் பூதத்துக்குத் தெரிந்த வழி அவ்வளவுதான்.

22. கால்ஷீட் இல்லையா? கிளியாகு!

மாயாஜாலப் படங்களின் மன்னர் பி. விட்டலாச்சார்யா. பேய் தன் காலையே அடுப்பில் விறகாக வைத்துச் சமைக்கும் 'ஜகன்மோகினி' (1978) அவருடையது. தமிழிலும் சக்கைப்போடு போட்டது. அவரைப் பற்றிச் சினிமா உலகில் ஒரு பேச்சு உண்டு. கதாநாயகன் பாதிப் படத்தில் கால்ஷீட் தராமல் இழுத்தடித்தால் அவர் கெஞ்ச மாட்டாராம். கதையில் ஒரு முனிவரைக் கூப்பிட்டுச் சாபம் கொடுக்கச் சொல்வாராம். மறுநாளிலிருந்து கதாநாயகன் கிளியாகவோ ஆடாகவோ மாறிவிடுவார். படப்பிடிப்பு தடையின்றி நடக்கும். கதாநாயகி கிளியைத் தோளில் வைத்துக்கொண்டு காதல் பாட்டுப் பாடுவாள். சம்பளப் பேச்சு முடிந்து நடிகர் திரும்பி வரும் நாளில்தான் சாப விமோசனம்!